மாமா வீட்டு மழை

நேற்று மாலை மழை பிடித்துக்கொண்டது. செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினேன். கடைக்காரர் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒரு மணல் மூட்டையை இழுத்து வாசற்படியில் போட்டார். நனைந்த சாக்கு வாசனை குப்பென்று வந்தது. மண்வாசனை, மண்வாசனை என்று எல்லாரும் உருகுவார்களே, எனக்கு மழை என்றால் இந்தச் சாக்கு வாசனைதான். ஏனென்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அது என் முதல் வேலை. பாதாளச் சாக்கடைக்குள் மழைத்தண்ணீர் எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்கும் காண்ட்ராக்ட்டில் உதவியாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு நோட்டு. யாராவது தெரியாமல் "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட்டுவிட்டால் நான் திருத்தமாட்டேன். அவ்வளவு பெருமை!

கழிவுநீருக்காக மட்டும் போட்ட பழைய குழாய்கள் அவை. மலையடிவார மேட்டுத் தெருக்களில் பலர் மொட்டைமாடித் தண்ணீரையும் அதிலேயே இணைத்துவிட்டிருந்தார்கள். போதாததற்கு, விரிசல் விட்ட இடங்களில் நிலத்தடி நீரும் கசிந்து சேரும். விரிசல்களைப் பூசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் மழை வலுத்தால் குழாய் தாங்காது. எங்கே வழியும்? பள்ளத்தில்தான்.

பள்ளத் தெருவில் லட்சுமி அக்கா இருந்தாள். ஒற்றை அறை வீடு, அதிலேயே இஸ்திரி வேலை. வானம் கருத்தால் முதலில் ஊரார் துணிகளையெல்லாம் கட்டில்மேல் ஏற்றுவாள். அப்புறம் ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப்போய்க் கக்கூஸ் பீங்கான்மேல் வைத்து அமுக்குவாள். இல்லையென்றால் சாக்கடை அது வழியாகப் பொங்கி அறைக்குள் வந்துவிடும். தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "இது யார் வூட்டு மழை தம்பி? என் வூட்ல வந்து நிக்குதே."

"கண்டுபுடிச்சிடலாம்க்கா" என்றேன், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே.

கண்டுபிடிக்கிற விதம் வேடிக்கையானது. என் கூட்டாளி மணி, தெருவில் சாக்கடை மூடியைத் திறந்து ஒரு மெஷினால் உள்ளே புகையை ஊதுவான். நான் தெருவில் அண்ணாந்துகொண்டே நடப்பேன். எந்த வீட்டு மழைக்குழாயில் புகை வருகிறதோ அந்த வீடு மாட்டிக்கொண்டது. நோட்டில் எழுதினால் மறுவாரம் அந்தக் குழாயை வெட்டித் தெருவோர வடிகாலுக்குத் திருப்பிவிடுவார்கள். "தீபத்துக்கு இன்னும் நாள் இருக்குதே, அதுக்குள்ள எங்க மாடில ஏத்திட்டீங்களே!" என்று ஒரு அம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்த மேட்டுத் தெருவின் கடைசி வீடு என் மாமாவுடையது. அம்மாவின் அண்ணன். எனக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் கொடுத்தவர். தெருவிலேயே பெரிய மாடி அவருடையதுதான். அதன் இரண்டு மழைக்குழாய்களிலிருந்தும் புகை வந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை வாசலில் நின்ற மாமாவும் பார்த்தார்.

"எழுதாத மாப்ள. இப்பதான் டைல்ஸ் போட்டிருக்கேன், ஒடச்சிடுவானுங்க. ஒரு வூட்டுத் தண்ணில இன்னா ஆயிடப் போவுது?"

அத்தை காபி டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். எழுதவில்லை.

எழுதிய வீடுகளின் குழாய்களை எல்லாம் திருப்பி முடித்ததும் ஓடிப்போய் அக்காவிடம்தான் சொன்னேன்.

"எல்லா வூட்டையும் பாத்துட்டியா தம்பி?"

"பாத்தாச்சுக்கா. இனிமே உனக்கு மூட்டை வேணாம்."

அவள் என்னை நம்பினாள். மூட்டையை அவிழ்த்து, மணலை வாசல் பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டாள். அதில் ஏறி நின்று குதித்துக்கூடப் பார்த்தாள், குழந்தை மாதிரி.

பத்து நாளில் அடைமழை. துணி கொடுக்கப் போயிருந்தவள் திரும்பி வருவதற்குள் அறையில் கணுக்கால் அளவு சாக்கடை. முன்பெல்லாம் மூட்டை வைக்காவிட்டால் முழங்கால் அளவு வருமாம், கம்மிதான். ஆனால் இந்தத் தடவை துணி மூட்டைகள் தரையில் இருந்தன. பள்ளிக்கூடச் சட்டைகள், ஒரு மாப்பிள்ளையின் பட்டு வேட்டி, எல்லாம் அதில் ஊறிக்கிடந்தன. நான் போய் நின்றபோது அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பாத்துட்டேன்னு சொன்னியே தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

மாமா வீட்டைச் சொல்லாமலே திரும்பி நடந்தேன்.

அதற்கப்புறம் யாரும் அவளிடம் துணி போடவில்லை. சாக்கடைத் தண்ணீர் பட்ட வீட்டில் யார் போடுவார்கள்? தை பிறப்பதற்குள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. வெட்கம். வருஷக்கணக்காகப் போகவில்லை.

மாமா இன்று இல்லை. அவர் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அதன் மழைத்தண்ணீர் ஒழுங்காக வடிகாலுக்குப் போகிறது. அக்கா இருந்த அறை பூட்டிக் கிடக்கிறது. பள்ளத் தெருவில் இப்போது யாரும் மூட்டை தூக்குவதில்லை.

இதைச் சொல்லவும், எழுதாமல் விட்ட அந்த ஒரு வீட்டைச் சொல்லவும் போன மாதம் ஒருவழியாகக் கீழ்பென்னாத்தூர் போனேன். தங்கைதான் இருந்தார்.

"அக்கா தவறிப்போயி ரெண்டு வருசம் ஆவுதுங்க" என்றார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வெளியே தூறல் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வூடு நல்ல மேட்லதாங்க இருக்குது. ஆனாலும் வானம் கருத்தா போதும், துணியெல்லாம் கட்டில் மேல ஏத்திடும். தண்ணி வராதுக்கானு யார் சொன்னாலும் நம்பாது."