கழற்றிய சாமான் பட்டறைக்கு

ஜேடர்பாளையத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் கோழிப்பண்ணை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மருதாசலத்தைத் தெரியும் என்பார்கள். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய காரைத் தெரியும். கோழித் தீவனத்தில் கலக்கிற சத்து மருந்து விற்பது அவர் பிழைப்பு. பண்ணை பண்ணையாகப் போய்வர அவரிடம் இருந்த ஒரே வண்டி, அவருடைய அப்பா யாரோ ஒரு மில் முதலாளியிடம் பழசாக வாங்கிய பியட். அந்தக் காரை அவர் பழையபடி புதுசாக்கிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக ஆக்கிக்கொண்டிருந்தார். ஆக்க ஆக்க அது வேறு எதுவோ ஆகிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய வாய்தான். மகள் யுவஸ்ரீயைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கு, பங்காளிகளும் மாமன் மச்சான்களும் இலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் நடுவில் நின்று ஒரு அறிவிப்புச் செய்தார்.

“எம்பொண்டாட்டி கல்யாணமாகி எந்தக் கார்ல நம்மூட்டுக்கு வந்தாளோ, அதே கார்லதான் எம்புள்ளையும் புருசன் ஊட்டுக்குப் போவா.”

பால் மணம் மாறாத குழந்தைக்குக் கார் ஏற்பாடு செய்த தகப்பன் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் மறந்து தொலைக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், “ஏப்பா, அந்தக் காரு இருக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அதனால் கார் இருந்தாக வேண்டும், ஓடியாக வேண்டும், மகளை ஏற்றிப் போகிற அழகோடு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

பழைய காருக்கென்று இருக்கிற மெக்கானிக்குகள் கோயமுத்தூரில் இருந்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். விட்டுவிட்டுப் போனால் பண்ணைக்கு எதில் போவது? அவர்கள் சொன்ன கூலியைக் கேட்டதும் மருதாசலம் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஆகவே அவர் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டுகிற காளியப்பனின் பட்டறைக்குப் போனார்.

லாரிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பாடியைப் பிரித்தால் தகரமும் கட்டையும் பட்டறைக்கே. அதற்கு ஈடாகக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். லாரிக்காரர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. உளுத்துப்போன லாரிப் பாடியை யாரும் வீட்டில் வைத்துக் கொஞ்சப்போவதில்லை. மருதாசலம் இந்த வழக்கத்தைத் தன் காருக்கும் பேசி முடித்தார். கழற்றிய சாமான் பட்டறைக்கு, புதுசு மாட்டுகிற கூலி பாதி. காளியப்பன் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிங்ணா என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மருதாசலம், காளியப்பனை ஏமாற்றிவிட்டோமோ என்று மனைவி கந்தம்மாளிடம் வருத்தப்பட்டார்.

முதலில் போனது முன்பக்க பம்பர். பளபளவென்று இருந்தது மங்கிவிட்டது என்பதுதான் அது செய்த குற்றம். அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, லாரிக்கு மாட்டுகிற இரும்புக் குழாயில் ஒன்று செய்து மாட்டினார்கள். இனி எருமை வந்து முட்டினால் எருமைக்குத்தான் சேதம் என்று மருதாசலம் பண்ணை பண்ணையாகச் சொன்னார். எந்த எருமையும் முட்டிப் பார்க்க முன்வரவில்லை.

அடுத்து கதவுகள். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் தொழிலுக்குப் போக முடியாது என்பதால் ஒவ்வொன்றாகக் கழன்றது. கதவு இல்லாத இடத்தில் தீவனச் சாக்கு தொங்கியது. கந்தம்மாள் அந்தச் சாக்கின் பக்கம் உட்கார்ந்து, ஒரு கையால் காரையும் ஒரு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்குப் போய்வந்தாள். இறங்கியதும் தலையிலிருந்து தவிட்டைத் தட்டிவிட்டுத்தான் யாரையும் நலம் விசாரிப்பாள். புதுக் கதவுகள் லாரிக்குப் போடுகிற கனத் தகரத்தில் வந்தன. பீரோக் கதவு மாதிரி இருந்தன. கண்ணாடி மட்டும் இறங்காது. காற்று வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி வெளியே வர வேண்டும்.

அப்பா காலத்துச் சீட்டைக் கழற்றிவிட்டு, பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றின் சீட்டைப் போட்டார்கள். அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்தது. மருதாசலம் முழங்கால் மூக்கில் இடிக்கிறமாதிரி உட்கார்ந்து ஓட்டினார். பிறகு பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று இன்ஜினும் போனது. சின்ன சரக்கு வண்டி ஒன்றின் டீசல் இன்ஜின் வந்து உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை ஒட்டிக் கையருகிலேயே இருந்த கியர் போய், காலடியில் ஒரு கம்பி முளைத்தது. கனமோ லாரிக் கனம், இன்ஜினோ தீப்பெட்டி. பாலம் ஏறும்போது பின்னால் வருகிற டிராக்டர் ஹாரன் அடித்தது.

பெயின்ட்டும் லாரிக்கு அடித்து மிஞ்சியதுதான். அடித்தவர் லாரிக்கே அடித்துப் பழகியவர். மருதாசலம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கை தன்பாட்டுக்கு வேலை செய்து, பின்பக்கம் இரண்டு தாமரையும் நடுவில் ‘ஒலி எழுப்பவும்’ என்ற எழுத்தும் வந்துவிட்டன. அழித்தால் அதற்குத் தனிக் கூலி. மருதாசலம் இருக்கட்டும் என்றார். கூடவே காற்று ஹாரன் ஒன்றும் இலவசமாகக் கிடைத்தது. அதை அவர் ஒரு பண்ணையின் ஷெட்டுக்குப் பக்கத்தில் அடித்துப் பார்த்தார். முட்டைக்கோழிக்குச் சத்தம் ஆகாது. மிரண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. மறுநாள் முட்டை குறைந்துவிட்டது என்று பண்ணைக்காரர் சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு கேட்டிலிருந்து நடந்து போகும்படி ஆயிற்று.

இத்தனையும் நடந்த பிறகும் மருதாசலத்தின் கண்ணுக்கு அது அப்பாவின் பியட்டாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு சாமான் மாறும்போதும் மிச்சமான காசுதான் அவர் மனதில் நின்றது. போன சாமான் நிற்கவில்லை.

இதற்கிடையில் காளியப்பன் ஒரு காரியம் செய்தார். குமாரபாளையத்தில் பூட்டிக் கிடந்த ஒரு நூல் மில்லில், புல் முளைத்துக் கிடந்த இன்னொரு பியட்டின் வெறும் கூட்டை விலைக்கு வாங்கிவந்து பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. மருதாசலம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“கூட்ட வெச்சு என்ன பண்ணுவே காளியப்பா? சாமானுக்கு எங்க போவே?”

“ஒண்ணொண்ணா வந்துட்டிருக்குதுங்ணா.”

மருதாசலம் அவருக்காகப் பரிதாபப்பட்டார். பரிதாபத்தோடு நிற்கவில்லை, உதவியும் செய்தார். தன் காரிலிருந்து கழற்றிய பானெட்டை அந்தக் கூட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது, மறுபக்கம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அச்சாகப் பொருந்துகிறதே என்று வாய்விட்டுச் சந்தோஷப்பட்டார். வேண்டாத பொருள் ஒருவருக்கு உதவுகிறதே என்று தான தர்மம் செய்தவரின் நிறைவோடு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவும் செய்தார். கந்தம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, நம்ம காரு இப்ப எங்க இருக்குதுன்னு ஒருக்கா ரோசிச்சுப் பாத்தீங்களா?”

“வாசல்லதான நிக்குது” என்றார். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

யுவஸ்ரீ கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போனாள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிற குடும்பத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் சபரிநாதன். நிச்சயம் முடிந்த உடனே மருதாசலம் எல்லோருக்கும் போன் போட்டு, தொட்டிலில் போட்ட அன்றைக்குச் சொன்னதை நினைவுபடுத்தினார். யாருக்கும் நினைவுபடுத்த அவசியம் இருக்கவில்லை. யுவஸ்ரீ அம்மாவிடம் அழுதாள். அப்பா மனசு நோகக்கூடாது, ஆனால் தாமரை போட்ட அந்த வண்டியில் ஏறினால் ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள் என்றாள். கந்தம்மாள் அதை அப்படியே அவரிடம் சொன்னாள். பூ ஜோடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் முடித்துவிட்டார். சொன்னாரே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மகள் ஏறமாட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

கல்யாணம் நாமக்கல் மண்டபத்தில். விடிவதற்கு முன்பே மருதாசலம் காரைத் தாமரை தெரியாத அளவுக்குச் சாமந்தியால் மூடி, வாசலுக்கு நேராக நிறுத்தினார். பார்த்தவர்கள் சாமி ஊர்வலத்துக்கு வந்த வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். முகூர்த்தம் முடிந்தது. பந்தி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படுகிற நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் போட்டோவுக்கென்று வாடகைக்குச் சொல்லியிருந்த கார் உள்ளே வந்தது.

சந்தன நிறத்தில் ஒரு பியட். பம்பர் முகம் பார்க்கிறமாதிரி மின்னியது. வந்த சத்தமே கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு காளியப்பன் இறங்கினார். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டுக் காரைச் சுற்றியது.

மருதாசலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கதவைத் தொட்டார். ஸ்டியரிங்கை ஒட்டி இருந்த கியரைத் தொட்டார். கை எங்கே போக வேண்டுமென்று கைக்கே தெரிந்தது. கந்தம்மாள் பின்னால் வந்து, குனிந்து உள்ளே பார்த்து, சீட்டைத் தடவினாள்.

“எங்கப்பன் ஊட்ட விட்டு அழுதுட்டு வந்த சீட்டுங்க இது” என்றாள்.

மருதாசலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் சாமந்தியோடு நிற்கிற வண்டியில் அப்பாவினுடையது என்று சொல்ல நம்பர் பிளேட்டும் துருப்பிடித்த கூடும்தான் பாக்கி. காளியப்பனை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“இது என்ற காரு, காளியப்பா.”

“ஆமாங்ணா” என்றார் காளியப்பன். “நீங்க வேண்டாம்னதெல்லாம்.”

அதற்குள் அவருடைய பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். தொட்டில் விருந்தில் சாப்பிட்டவர்களில் மூத்தவர். சந்தனக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மண்டபமே கேட்கும்படி சொன்னார்.

“மருதாசலம், சொன்ன சொல்லக் காப்பாத்திப்போட்டே. இதே காருதான். உம்பொண்டாட்டி எறங்குனப்ப ஆரத்திக்கு நானும் பக்கத்துல நின்னேன்.”

எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். யுவஸ்ரீயும் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவருக்கு அவகாசம் இருந்தது, வாயும் இருந்தது. அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, ஆமாங்க பெரியப்பா, இதற்காகத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டேன் என்றார். ரகசியமாகத் தயார் செய்யச் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார், வாடகை நாங்கள்தானே பேசினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி மரியாதைக்காக யாரும் வாய் திறக்கவில்லை. சாமந்தி வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது யாருடையதோ என்று விட்டுவிட்டார்கள்.

யுவஸ்ரீயின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா நமக்காக இவ்வளவு செய்திருக்கிறார் என்று அவள் நம்பிவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, நீங்களே ஓட்டீட்டு வாங்கப்பா.”

அந்தக் காரை ஓட்டி மகளைக் கொண்டுபோய் விடுவதைத்தான் மருதாசலம் இத்தனை வருஷமும் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காளியப்பன் பக்கம் திரும்பி, சாவிக்குக் கை நீட்டினார். காளியப்பன் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்ணா. பழைய வண்டி. கை பழகாத ஆளுக்குக் குடுக்கறதில்லீங்க.”

நீட்டிய கையை மருதாசலம் மகளின் தலையில் வைத்து, மாமனார் ஓட்டினால் நன்றாக இருக்காது சாமி, நீ போய் வா என்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் ஏறினார்கள். மருதாசலம் தானே கதவைச் சாத்தினார். தன் வண்டியின் பீரோக் கதவுகளைச் சாத்திச் சாத்திப் பழகிப்போன கை, காலை ஊன்றி, தோளைக் கொடுத்து, ஓங்கி அறைந்தது. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாங்ணா” என்றார் காளியப்பன், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. “அதெல்லாம் ஒரிஜினல் சாமானுங்க.”

கார் கிளம்பித் திருச்செங்கோடு ரோடு திரும்புகிறவரை மருதாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே மகளைப் பெற்றவருக்கு இருக்காதா என்றார்கள். திருச்செங்கோடு என்ன தூரமா, நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். பெரியப்பாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கந்தம்மாள் மட்டும் தேற்றவில்லை. மகள் மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.