மேலத்தெரு வாசலும் கீழத்தெரு வாசலும்

கரிசல் மண்ணில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வெள்ளையின் அழகு தெரியும். வேறெந்த மண்ணிலும் ஒரு கோடு அவ்வளவு திமிராகக் கிடக்காது. முளைக்குச்சி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கு நேர் கீழே தூளைத் தூவிக்கொண்டே பின்னோக்கி நடந்து, கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வரைந்த முதல் கட்டடத்தின் நடுக்கோடு அது. மேற்கே வாசல் வரவேண்டிய இடத்தில் தொடங்கி, கிழக்கே பீடம் வரவேண்டிய இடத்தில் முடிந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கொத்தனார் கத்திக்கொண்டிருக்க, நான் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். தரை முழுவதும் சீமாற்றின் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன.

எண்பதுகளின் கடைசி அது. சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு, சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்கே திரும்பியிருந்தேன். நான் படித்தது இன்னதென்று வீட்டிலேயே யாருக்கும் விளங்கவில்லை. ஊருக்கு நான் எஞ்சினியரம்மா. கல்லூரியில் எங்களுக்குச் சில விதிகளை வேதம்போல ஓதியிருந்தார்கள். எந்தக் கட்டடத்துக்கும் ஓர் அச்சு வேண்டும், அதன் இருபுறமும் சமமாக அமைய வேண்டும், எது பெரியது எது சிறியது என்ற வரிசை பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், தூண்கள் தாளம் தப்பாமல் அடுத்தடுத்து வர வேண்டும். இவையெல்லாம் காகிதத்தில் சரியாக இருந்துவிட்டால் கட்டடம் தானாக நின்றுவிடும் என்று நம்புகிற வயது எனக்கு. அப்போதுதான் திருச்சுழி போகும் வழியில் இருந்த ஒரு சின்னக் கிராமத்துக்குப் புதிய தேவாலயம் வரைந்து தரும் வேலை வந்தது. பழைய கோயில் (அங்கே தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள்) கரிசலின் குணத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துபோனதால் இடித்து அகற்றியிருந்தார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும், ஒரு மழை பெய்தால் பொதபொதவென்று ஊதுவதும் அந்த மண்ணின் வழக்கம். சுவர் என்ன செய்யும், பாவம்.

மண்ணுக்கு வைத்தியம் எனக்குத் தெரியும். ஆழத் தோண்டி மணல் நிரப்பினால் போதும். மனிதர்களுக்குத்தான் வைத்தியம் தெரியவில்லை. கோயில் நின்ற திடல் இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருந்தது. மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. இரண்டிலும் ஒரே சபை மக்கள். கொண்டு கொடுத்துச் சம்பந்தம் செய்தவர்கள். ஆனால் பீடம் கிழக்கே இருப்பதுதான் முறை என்று யாரோ முன்னோர் கட்டிவைத்ததால், வாசல் மேலத்தெருவைப் பார்த்துத் திறந்தது. கீழத்தெருக்காரர்கள் பீடத்தின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே திடலைச் சுற்றிவந்து நுழைய வேண்டும். அதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்திருந்தார்கள். புதுக் கோயில் என்றதும் பொறுமை போய்விட்டது. "ஆண்டவரு அவுகளுக்கு மட்டும் மொகத்தக் காட்டிட்டு எங்களுக்கு முதுகக் காட்டிட்டு இருக்கணுமாக்கும்? இந்தத் தடவ வாசல் எங்க பக்கம். இல்லேன்னா நாங்க தனியாக் கட்டிக்கிறோம்" என்று கீழத்தெருப் பெரியவர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மேலத்தெருவின் மூத்தவரோ, "மொற மாறாது" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டேன் என்றுவிட்டார். இந்தச் சண்டைக்கும் என் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கட்டடத்துக்கு அச்சு ஒன்று, தலைவாசல் ஒன்று. அது எந்தப் பக்கம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் வரைந்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன.

என்னைப்போல எனக்கென்ன என்று இருக்க முடியாதவர் அந்த ஊரில் ஒருவர் இருந்தார். உபதேசியாரம்மா. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் போதகர் ஒருவர்தான். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிற உபதேசியாரின் மனைவி இவர். நெடுநெடுவென்று உயரம், ஊருணிக்கரையிலிருந்து கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் கேட்கும் குரல். கோயில் திடலை விடியற்காலையில் பெருக்குவது அவருடைய வேலை. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பிறந்தது கீழத்தெரு, வாழ்க்கைப்பட்டது மேலத்தெரு. தம் மகளைத் தம் அண்ணன் மகனுக்கே பேசி முடித்திருந்தார். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் மனதார விரும்பியவர்கள். அந்த அண்ணன்தான், என் முகத்துக்கு நேரே பேசினார் என்றேனே, அந்தக் கீழத்தெருப் பெரியவர். தனிக் கோயில் கட்டினால் கல்யாணம் அங்கேதான் என்று அவர் சொல்ல, மேலத்தெருப் பெண் வேறு கோயிலில் போய்க் கழுத்தை நீட்டமாட்டாள் என்று உபதேசியாரின் பங்காளிகள் சொல்ல, கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது. நான் கோடு போட்ட அன்று எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர், "ரெண்டு தெருவும் ரெண்டு கோயிலாப் போச்சுன்னா எம் மக கல்யாணம் நின்னுபோகும் எஞ்சினியரம்மா. அவ சிரிச்சு ரெண்டு மாசமாச்சு" என்றார். நான் காப்பியைக் குடித்துவிட்டு, நூல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள்தான் அஸ்திவாரக் கல் வைக்கிற நாள். கோடு அழிந்து கிடந்ததைப் பார்த்ததும் திடலில் கூச்சல் கிளம்பியது. "கீழத்தெருக்காரன் வேல இது" என்றார்கள் இவர்கள். "நீங்களே அழிச்சுட்டு எங்க மேல பழி போடுறீகளாக்கும்" என்றார்கள் அவர்கள். வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. போதகர் நடுவில் நின்று கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார், யாரும் மதிக்கவில்லை. அப்போது அடுப்பு மூட்டியிருந்த பக்கமிருந்து உபதேசியாரம்மா வந்தார். கையில் சீமாறு.

"கத்தாதீக. நாந்தேன் பெருக்குனேன்."

"கோட்டையுமா பெருக்குவாக?" என்றார் அவருடைய அண்ணன்.

"ஆமா. அந்தக் கோட்டுக் கடைசில ஒரு சுவரு வரப்போகுது. சுவருக்கு இந்தப் பக்கம் எம் மக, அந்தப் பக்கம் ஒம் மகன். வேற எதப் பெருக்கச் சொல்லுத?"

போதகர் இன்று கல் வேண்டாம், ஜெபித்துவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொன்னார். ஆனால் ஒரு சிக்கல். கல் வைத்ததும் ஊர் கூடிச் சாப்பிட அசனம் ஏற்பாடாகியிருந்தது. அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாழையிலைக் கட்டுகள் அருப்புக்கோட்டையிலிருந்து லோடாக வந்து இறங்கியிருந்தன. வானம் பார்த்த பூமியில், ஆக்கிய சோற்றை வேண்டாம் என்பது சண்டையைவிடப் பெரிய குற்றம். முதலில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பிறகு பிள்ளைகளை இழுத்துப்போக வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உபதேசியாரம்மா திடலின் நடுவே போட்டிருந்த நீளப் பந்தலுக்கடியில் இரண்டு வரிசையாகப் பாய் விரித்திருந்தார். மேலத்தெரு ஒரு வரிசையில் உட்கார, கீழத்தெரு வேறு வழியில்லாமல் எதிர்வரிசையில் உட்கார்ந்தது. எனக்கோ அடங்காத கோபம். என் முதல் கோட்டைப் பெருக்கி எறிந்த பெண்பிள்ளையின் கையால் சோறா? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வழியை மறித்து என் கையில் குழம்பு வாளியைத் திணித்தார். "கோவத்தோட பஸ்ஸேறக் கூடாது. அகப்ப இந்தா. ஊத்துங்க."

ஊற்றினேன். மேற்கு முனையில் தொடங்கி, இரண்டு வரிசைக்கும் நடுவில் குனிந்து குனிந்து கிழக்கு முனைவரை போனேன். இலை, இலைக்குப் பின்னால் ஒரு முகம், மறுபடி இலை, மறுபடி முகம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு எதிராளியை முறைப்பது கடினமான காரியம் என்பதை அன்று நேரில் கண்டேன். பாதிப் பந்தியில், "அந்த மூத்தவருக்கு எலும்பாப் பாத்துப் போடும்மா, அவருக்குப் பிடிக்கும்" என்று கீழத்தெரு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சொன்னது யாரென்று நிமிர்ந்து பார்த்தால் உபதேசியாரம்மாவின் அண்ணன். வாளி காலியாகித் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது: நேற்று நான் கோடு போட்ட அதே இடத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். கோடு மாறவே இல்லை. அதன் ஒரு முனை மேலத்தெரு, மறுமுனை கீழத்தெரு. இரண்டிலும் சுவர் இல்லை, அவ்வளவுதான். இரண்டு புள்ளிகளை இணைப்பதே அச்சு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அந்த இரண்டு புள்ளிகள் வாசலும் பீடமும்தான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் முடிவு கட்டியிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடக்கூடத் தோன்றாமல் புதுப்படம் போட்டேன். மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல், இரண்டும் ஒரே அளவு. நடுவில் தெருவிலிருந்து தெருவுக்குப் போகிற நேர்நடை. நடைக்கு வடக்கே, நடுமையத்தில், சற்று வெளியே துருத்திக்கொண்டு பீடம். தெற்கே சபை முழுவதும் பீடத்தைப் பார்த்து உட்காரும். யாருக்கும் முதுகில்லை. அடுத்த வாரம் உபதேசியார் வீட்டுப் பாயில் படத்தை விரித்தபோது எல்லாரும் கைதட்டிவிடவில்லை. மூத்தவர், "பீடம் வடக்கயா?" என்று எழுந்தேவிட்டார். பீடத்தின் கிழக்குப் பக்கச் சுவரில் நான் வைத்திருந்த நெடுஞ்சன்னலைக் காட்டி, விடிகாலை ஆராதனையில் கிழக்கு வெளிச்சம் நேராகப் பீடத்தில் விழும் என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சமாவது கெழக்கருந்து வருதே" என்று உட்கார்ந்தார். பிறகு படிச் சண்டை. கீழத்தெருப் பக்கம் நிலம் தாழ்வு, அதனால் அங்கே படிகள் கூடுதல். இது அவமரியாதை என்று சொல்வார்களோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அண்ணன்காரர், "அப்ப எங்க வாசல்தேன் ஒசரம்" என்று மீசையைத் தடவினார். இப்போது மேலத்தெருவுக்கு முகம் சுருங்கியது. தரை இரண்டு பக்கமும் ஒரே மட்டம்தான் என்று மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாயைத் திடலில் பிடித்து நான் காட்டவேண்டியதாயிற்று. கட்டி முடித்த பிறகும் மேலத்தெரு மூத்தவர் ஒரு கயிற்றை எடுத்துவந்து இரண்டு வாசலையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கோயிலில் நடந்த முதல் கல்யாணம் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் மேலத்தெரு வாசல் வழியாக வந்தாள், மாப்பிள்ளை கீழத்தெரு வாசல் வழியாக வந்தான். நடையின் இரு முனையிலிருந்தும் நடந்து, பீடத்துக்கு முன்னால் சந்தித்தார்கள். அப்படி வரவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. அவரவர் வீட்டிலிருந்து கிளம்பினால் வழி அப்படித்தான் இருந்தது. உபதேசியாரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் கட்டடம் என்பதற்காகவா, அந்தப் பெண் சிரித்தாள் என்பதற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் எதிர்பாராத வேறு சிலவும் நடந்தன. நடை எல்லார் கண்ணுக்கும் முன்னால் போனதால், தாமதமாக வருகிறவர்கள் சபை முழுவதும் பார்க்க நடந்துவர வேண்டியிருந்தது. ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்பே ஊர் வந்து உட்காரத் தொடங்கியது. இன்னொன்று இதைவிட அருமை. ஆண்கள் மேற்கே, பெண்கள் கிழக்கே உட்காருவது அவர்கள் வழக்கம். ஆகவே கீழத்தெரு ஆண்கள் தங்கள் வாசலில் நுழைந்து மறுபாதிக்குப் போனார்கள், மேலத்தெருப் பெண்கள் இந்தப் பாதிக்கு வந்தார்கள். எந்தப் பாதியும் எந்தத் தெருவுக்கும் சொந்தமாகவில்லை. நான்தான் யோசித்து வைத்தேன் என்று போதகர் பாராட்டினார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று பந்தியில் பாயை அப்படி விரித்ததற்கு ஏதாவது காரணம் உண்டா என்று பின்னொரு நாள் உபதேசியாரம்மாவைக் கேட்டேன். "பந்தல் அப்பிடிக் கெடந்துச்சு, பாயையும் அப்பிடிப் போட்டேன். வேற எப்பிடிப் போடுவாக?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்கள் வரைந்துவிட்டேன். அச்சும் சமமும் வரிசையும் தாளமும் இன்றும் வேண்டும் என்றுதான் சொல்வேன். அவை இல்லாமல் கட்டடம் சந்தைக்கடை. ஆனால் கோட்டை இழுக்குமுன், இது யாரை யாரோடு சேர்க்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் அதே ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். கோயிலுக்குத் தெற்கே அசனக் கூடம் ஒன்று கட்டவேண்டுமாம். என்னோடு வந்த பிள்ளைகள் சிவப்பு ஒளியடிக்கும் கருவியை வைத்து நொடியில் மட்டம் பார்த்துவிட்டார்கள். நான் பிடிவாதமாகச் சுண்ணாம்புத்தூள் வாங்கிவரச் சொன்னேன். முட்டி ஒத்துழைக்காததால் அவர்களையே தூவச் சொல்லிவிட்டு நின்றேன். கரிசலில் வெள்ளைக் கோடு மேற்கிலிருந்து கிழக்கே பளிச்சென்று ஓடியது.

உபதேசியாரம்மா வந்தார். உயரம் பாதியாக வளைந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. கையில் சீமாறு. அவர் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் அளந்தார்.

"இந்தக் கடைசில என்ன வருது?"

"வாசல்மா."

"அந்தக் கடைசில?"

"அங்கயும் வாசல்தான்."

பிறகு சீமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்பச் சரி. கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோட்டின் மேல் கால் படாமல் அதன் ஓரமாகவே கீழத்தெருவைப் பார்த்து நடந்தார். மத்தியானச் சாப்பாடு மகள் வீட்டில்.