உறைந்த எண்ணெயும் இரண்டு விளக்குகளும்

தண்ணீருக்கடியில் விளக்கு அணைந்த ஒரு நாளில்தான் அண்ணனின் காற்றுக் குழாய் தேயிலைக் கட்டையில் சிக்கியது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள நீர்த்தேக்கத்தில் அண்ணனுக்குச் சுழியோடி வேலை. மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாயில் இரும்புக் கம்பித் தட்டி ஒன்று இருக்கிறது. அதை அடைக்கும் மரக்கட்டை, செடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கீழே இறங்கிக் கையால் இழுத்தெடுக்க வேண்டும். கரையில் ஓடும் இயந்திரத்திலிருந்து ஒரு குழாய் வழியாக மூச்சுக்குக் காற்று வரும். இடுப்பில் கட்டிய பெட்டரிப் பெட்டியிலிருந்து தலைவிளக்குக்கு வயர் போகும். அணை கட்டுவதற்கு முன் அந்த இடமெல்லாம் தேயிலை மலை. செத்த தேயிலைக் கட்டைகள் இன்னும் அடியில் நிற்கின்றன. அன்று குழாய் எதில் மாட்டியது என்று தெரியாமல், இருட்டில் தடவித் தடவி விடுவித்துக்கொண்டு அண்ணன் ஏறி வந்தார். விரல்களெல்லாம் கிழிந்திருந்தன.

அண்ணன் இறங்கும் நாட்களில் அம்மா வெறுந்தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கொழுந்து எடுக்கப் போவார். மகன் ஏறிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் சாப்பாடு. அன்று மாலை சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கரண்டு படிச்ச புள்ளன்னு தோட்டம் பூரா சொல்லிக்கிறோம். கூடப் பொறந்தவனுக்கு ஒரு வெளிச்சம் குடுக்க முடியலியே ஒன்னால?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான் மட்டும்தான். பிறகு மின்னியலும் படித்தேன். அதில் எனக்குள்ள பெருமையை நான் மறைத்ததில்லை. அதனால்தான் அம்மாவின் சொல் சுட்டது.

குளிரில் பெட்டரி சோர்ந்துவிடுகிறது, பெரியதாக ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று, அண்ணனை வேலைக்கு எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் சொல்லியிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நோர்வூட் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நான் மின்சாதனங்கள் திருத்துகிறேன். பெட்டியை அங்கே கொண்டுபோய் அளந்து பார்த்தேன். பெட்டரியில் குறையில்லை. கம்பி முனைகளில் மட்டும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஈரக் கையோடு திறந்து மூடுவதால் வந்தது என்று அண்ணன் சொல்லியிருந்தார். தேத்தண்ணீர்க் கேத்தல் கொதிக்கும் மூலையில் ஒரு வாளியை வைத்து, பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். கடை மூடும் வரை விளக்கு எரிந்தது.

“என்ன மகள், பெட்டரியக் குளிப்பாட்டியே கொல்லப் போறீங்களா?” என்றார் நானா.

“ஒழுகுதான்னு பாக்குறேன் நானா.”

“அது ஒழுகல்ல. ஒங்கட கண்ணுதான் ஒழுகுது. எழும்பிப் போய் மொகத்தக் கழுவுங்க.”

அடுத்த முறை அண்ணன் இறங்குவதற்கு முன் நானும் கரைக்குப் போனேன். பனி விலகாத காலை. அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்து, சிறிய டின்னிலிருந்து எதையோ எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, மூடியின் ரப்பர் வளையத்தில் தடவி மூடினார். அதை இடுப்பில் கட்ட விடாமல் வாங்கி, கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்கி அணைந்தது. தூக்கித் துடைத்துவிட்டு, காய்ந்த கையால் திறந்தேன். உள்ளே தண்ணீர். வளையத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தது. ஓரிடத்தில் வளையம் பள்ளத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது.

“என்னாண்ணே இது?”

“தேங்கா எண்ணெதான். ரப்பர் காயாம இருக்கும். திருகோணமலையில வேல பழகுனப்ப எல்லாரும் போடுவாங்க.”

சொல்லி முடித்ததும் அவரே அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சூடான ஊரில் இளகியே இருக்கும் எண்ணெய். கடையில் கேத்தல் மூலையிலும் இளகித்தான் இருந்திருக்கும். நாங்களோ பிறந்ததிலிருந்து அதை அடுப்பில் காட்டி உருக்கித்தான் தலைக்கு வைக்கிறோம்.

“கறிக்கும் ஆவும், தலைக்கும் ஆவும், ஆள முக்குறதுக்கும் ஆவும் போல” என்றார் காற்று இயந்திரம் பார்க்கும் அண்ணாச்சி. அண்ணன் சிரித்தார். என்னால் முடியவில்லை. அன்று அவரை இறங்க விடவும் இல்லை.

வளையத்தை மாற்றி, குளிரில் இறுகாத சிலிக்கோன் கிரீஸ் பூசினேன். முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். பெரிய பெட்டரி வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாகச் சிறிய பெட்டரி இரண்டு, பெட்டி இரண்டு, விளக்கு இரண்டு. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்த வயரும் தொடர்பில்லை.

“ஒன்னு ஒழுங்கா எரிஞ்சா போதாதா?” என்றார் கொந்தராத்துக்காரர்.

“ஒழுங்கா எரியுறதும் ஒரு நாள் போகும் சார். அன்னிக்கு அண்ணன் கீழ இருப்பாரு.”

பெட்டிகளுக்குள் காகிதத் துண்டு வைத்து மூடி, கல் கட்டி, இரவு முழுவதும் நீர்த்தேக்கத்திலேயே போட்டு வைத்தேன். காலையில் திறந்தபோது இரண்டு காகிதங்களும் நனையாமல் இருந்தன.

அண்ணன் இறங்கினார். இரண்டு மஞ்சள் புள்ளிகள் தண்ணீருக்குள் சிறுத்து மறைந்தன. அதன் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. சுகமாக இருக்கிறேன் என்று அவர் இழுத்துக் காட்டும் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏறி வந்தபோது ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

“மெதந்து வந்த கட்ட ஒன்னு இடிச்சி வயரு அறுந்துருச்சி” என்றார் அண்ணன், மூச்சு வாங்கியபடி. “கொழாயி மறுபடி மாட்டிக்கிட்டுச்சி. மத்த வெளிச்சத்துல பாத்து எடுத்துட்டேன்.” விரல்களை விரித்துக் காட்டினார். புதுக் கீறல் ஒன்றும் இல்லை.

மாலையில் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார், ஒரு விளக்கு போனதையும் சேர்த்து.

மறுநாளும் அண்ணன் இறங்க வேண்டியிருந்தது. இரவே வயர் மாற்றி வைத்திருந்த பெட்டிகளை எடுத்துவரக் குசினிக்குள் போனேன். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.