சிமென்ட் தரையில் ஒரு சாண் உயரம்

அம்மா இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கண்காட்சி நாள்தான் முதலில் வருகிறது.

அவள் சைக்கிள் மெக்கானிக். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே எட்டடிக்குப் பத்தடிக் கடை. முப்பத்தோரு வருடம். எந்த வண்டியைச் சரிசெய்தாலும், கடைசியாக அதை ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் போடுவாள். டயர் சத்தம் மட்டும் கேட்டால் வண்டி வெளியே போகும். வேறு எது முனகினாலும் மறுபடி ஸ்டாண்டில் ஏறும். "வண்டிக்கு வாய மூடத் தெரியணும். உங்கப்பா மாதிரி இருக்கக் கூடாது" என்பாள்.

நான் பொறியியல் படித்து, சைக்கிள் நிறுவனமொன்றில் ஃபிரேம் வடிவமைப்புக்குச் சேர்ந்தேன். நான் வடிவமைத்த முதல் மலை சைக்கிள் கண்காட்சிக்கு வந்தபோது அவளைக் கூட்டிப் போனேன். அவள் வாயால் 'நல்லா இருக்கு' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

கயிற்று வேலிக்குள், சாம்பல் நிறக் கம்பளத்தின் மேல் வண்டி நின்றது. அம்மா ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஹேண்டில் என்ன இவ்ளோ அகலம்? கதவுல நுழையுமா?"

"மலைல ஏதும்மா கதவு?"

"வீட்டுல இருக்கே."

விசையை அழுத்தினால் சீட் கீழே இறங்குவதைக் காட்டினேன். நான்கு முறை இறக்கிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கயிற்றைக் கழற்றினாள். வண்டியைத் தூக்கிப் போட்டாள். கம்பளம் சத்தத்தை விழுங்கிவிட்டது. உடனே வண்டியைச் சிமென்ட் தரைக்கு உருட்டினாள்.

டை கட்டிய விற்பனை மேலாளர் ஓடிவந்தார். "அம்மா, தொடக்கூடாது!"

"தொடாம எப்படித் தம்பி ஓட்டுவாங்க?"

போட்டாள். டொக்.

"உள்ள ஏதோ பேசுது" என்றாள். பார்வையாளர்கள் திரும்பினார்கள்.

"இது உன் கடை இல்லம்மா. சும்மா இரு" என்றேன்.

அவள் ஹேண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, ஓர் அட்டைப்பெட்டி மேல் போய் உட்கார்ந்தாள்.

நானும் தூக்கிப் போட்டேன். டொக். ஃபிரேமுக்குள் போகும் பிரேக் குழாய் இடித்துச் சத்தம் போடாமலிருக்க ஒரு நுரை உறை உண்டு. அது இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. வரைபடத்தில் இருந்தது. பூட்டுகிறவர்களுக்குக் கொடுத்த பட்டியலில் எழுத மறந்தவள் நான்.

"ரெண்டு மணிக்கு ஓட்டிப் பாக்க வர்றாங்க மேடம். இந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப்போகுது?" என்றார் மேலாளர்.

வண்டியைத் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்க் கழற்றினேன். முக்கால் மணி நேர வேலை. மெல்லிய பலகைக்கு அப்பால் யாரோ கேட்டார்கள்: "வண்டி எங்கங்க?"

"கழட்டிக்கிட்டு இருக்கா." அம்மாவின் குரல்.

"கண்காட்சியிலயா? என்ன கோளாறு?"

"சின்னச் சத்தம். எம் பொண்ணு பண்ண வண்டி. நான் சொன்னதும் எம்மேல எரிஞ்சு விழுந்தா. அப்புறம் அவளே தூக்கிப் போட்டுப் பாத்தா. மூடி மறைக்கல. அவ கையில எந்த வண்டியையும் நம்பிக் குடுப்பேன். இருந்து ஓட்டிப் பாத்துட்டுப் போங்க."

உதிரிப் பெட்டியிலிருந்த நுரைத் துண்டைக் குழாய்மேல் சுற்றினேன். பிறகு பூட்டி முடித்து, வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் அவளிடம் போனேன்.

"டீ வாங்கிட்டு வரட்டுமாம்மா?" என்றுதான் வந்தது.

"மூணா வாங்கு" என்றாள். "அந்த டை தம்பி வெளிறிப்போய் நிக்குது, பாவம்."