மறுபடி கட்டாத பூ

மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதில் நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அரியலூரில் ஒரு கல்லூரியில் அதையே பாடமாகவும் நடத்துகிறேன். சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.

வேப்பந்தட்டைப் பக்கத்து மானாவாரிக் குடும்பங்கள் பெரிய முடிவுகளை எப்படி எடுக்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. பருத்தியா மக்காச்சோளமா, பெண்ணைக் கொடுக்கலாமா, வைத்தியத்துக்கு எங்கே போவது, எல்லாம் கேட்க வேண்டும். கேள்விகளை ஏற்றிய டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே மூன்று கட்டம்: தானே யோசித்தது, பிறர் சொன்னது, பூக்கட்டிப் பார்த்தது. பலர் மூன்றாவதைத்தான் சொன்னார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

ஒருநாள் மக்காச்சோளம் போடும் ஒரு அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல சிவப்புதாங்க வந்துச்சு. மனசு ஒப்பல. பூசாரிய மறுபடி கட்டச் சொன்னோம். மூணாந்தரம் வெள்ளை வந்துச்சு. வெதச்சிட்டோம்."

கொஞ்சம்கூட கூச்சமில்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் துருவிக் கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். வேண்டியது வரும்வரை கட்டச் சொல்கிறார்கள். முடிவு வீட்டிலேயே ஆகிவிடுகிறது. நாளைக்குப் பிசகினால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் சாமி.

ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற துள்ளலோடு பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"எத்தனாவது தரம்னு ஃபார்ம்ல கட்டம் இருக்காப்பா?" என்றார்.

"இல்லைங்க சார்."

"அப்ப விடுங்க. பூன்னு போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க."

போட்டுவிட்டுப் போனேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எழுதியதும் நான், படித்ததும் நான்.

அந்த ஆடி மாதத்தில் என் அம்மாவுக்கு மார்பில் கட்டி. பெரம்பலூர் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "தள்ளிப்போடாதீங்க. திருச்சிக்கு அழைச்சிட்டுப் போயி ஒடனே ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றார். அப்பா இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஆபரேஷன் என்றால் இரண்டு மாதமாவது நான் அம்மாவோடு இருந்தாக வேண்டும். விதைப்புக்கு முன் வீடுகளை முடிக்காவிட்டால் எனக்கு ஒரு வருடம் போய்விடும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்ப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். அம்மாவே குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

பூசாரி தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

நான் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மதியத்துக்குள் எட்டு வீடு பாக்கியிருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பூசாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா திருநீறு பூசிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

அந்த வாரக் கணக்கில் ஒரு வீடு குறைந்தது. எங்கள் வீட்டையே சேர்த்துவிட்டேன். வைத்தியம் குறித்த முடிவு: பூக்கட்டிப் பார்த்தது.

தை மாதம் கட்டி உடைந்தது. திருச்சியில் பெரிய டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?" என்றார். பூவைச் சொன்னேன். படித்தவன் சொல்கிற பதிலா என்பதுபோல் பார்த்தார். வார்டுக்குத் திரும்பியதும், ஊரார் மூடநம்பிக்கையைப் பற்றி எரிச்சலாக ஏதோ சொன்னேன். கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது.

கண்ணை மூடிப் படுத்திருந்த அம்மா பேசினாள்.

"பூவ யாருப்பா பாத்தா? ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். மறுபடி கட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு. படிச்ச புள்ள பேசாம நிக்கிது, வேணாம்னுதான் இருக்கும்னு வந்துட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பங்குனியில் போய்விட்டாள்.

மறுவருடம் வாய்மொழித் தேர்வு. பூ பற்றிய என் அட்டவணையை எல்லோரும் பாராட்டினார்கள். அதில் ஒரு வீடு எங்கள் வீடு. திருத்துவதற்கு எவ்வளவோ அவகாசம் இருந்தது, நான் திருத்தவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வியப்போடு கேட்டார்.

"உயிர் போற விஷயத்துலகூட இவங்க பூவைத்தான் நம்புறாங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன்.