ருக்மிணியின் தலையில் இருபத்து மூன்று சோதனைகள்

கல்பாக்கத்தில் முப்பத்து நாலு வருஷம் கருவிகளைப் பழுது பார்த்த வேதாந்தம், ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் செங்கல்பட்டில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் குறை ஒன்றுமில்லை, குழாயில் வந்த போர் தண்ணீரைத் தவிர. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். மூன்றே மாதத்தில் அவர் மனைவி ருக்மிணியின் இடுப்பளவு முடி துடைப்பமாகிவிட்டது.

"ஏன்னா, தண்ணிதான் காரணம். அசோசியேஷன்ல சொல்லி உப்பை எடுக்கற மெஷின் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

அசோசியேஷன் செயலாளரே வேதாந்தம்தான். ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் கடிதம் எழுதுவதில் ஆராய்ச்சி எதுவும் இல்லையே.

"பிரச்சனை தண்ணில இல்லை, உன் முடியோட அமைப்புல இருக்கு. நான் பாத்துக்கறேன்."

ஆபீஸில் அவர் எழுதிக் கொடுத்த யோசனைகளையெல்லாம் மேலதிகாரிகள் ஃபைலில் வைத்தார்கள். ஃபைலை அலமாரியில் வைத்தார்கள். இப்போதுதான் அவருக்கென்று ஓர் ஆய்வகமும், எதிர்த்துப் பேசாத ஒரு தலையும் கிடைத்தன.

இருபத்தைந்து சோதனைகளுக்குப் பட்டியல் போட்டுத் தொடங்கினார். ஊறவைத்து அரைத்த வெந்தயம் மூன்று நாள் தலையணையில் மணத்தது. ஆளி விதையை அளவுக்கு மீறிக் கொதிக்கவிட்டதில் அது பசையாகி, டீ வடிகட்டியைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. தயிர் முழுக்கத் தலைக்குப் போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்தோடு சாப்பாடு முடிந்தது. செம்பருத்தி இலையைக் கசக்கித் தேய்ப்பது ருக்மிணிக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். அதையும் வேதாந்தம் அவளுக்கு நாற்பது நிமிடம் விளக்கினார். ஒவ்வொரு முறையும் அதே உப்புத் தண்ணீரில்தான் அலசினாள். முடி அப்படியேதான் இருந்தது.

மகளிர் தினத்துக்கு அசோசியேஷன் ஹாலில் யார் பேசுவது என்று வந்தபோது, வேதாந்தம் தானே தன்னை முன்மொழிந்து தானே வழிமொழிந்தார். 'வறண்ட கேசம்: ஓர் அறிவியல் அணுகுமுறை' என்று பேனர் கட்டியாயிற்று. நாற்பது பெண்களுக்கு முன்னால் ருக்மிணி தோளில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் தலையில் கனிந்த ரஸ்தாளி, தேங்காய்ப் பால், தேன் கலந்த விழுதை அப்பிவிட்டு, அவர் ஸ்லைடு போடப் போனார். ஐம்பத்திரண்டு ஸ்லைடு. விழுது காய்ந்து இறுகிவிட்டது.

எவ்வளவு அலசியும் போகவில்லை. எதிர் ஃப்ளாட் ஜெயப்பிரியா சீப்போடு வந்தாள். செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வங்கியில் வேலை.

"இன்னா மாமி இது, சீப்பு உள்ளயே போவ மாட்டேங்குது? தல பூரா நாரு நாரா கீது! பழத்த துணில வடிகட்டிக்கினு தடவக் கூடாதா?"

"சொன்னேன்."

"அவுரு இன்னா சொன்னாரு?"

"மிக்ஸில மூணு நிமிஷம் ஓட்டியாச்சு, போதும்னுட்டார்."

இரண்டு மணி நேரம் சிக்கெடுத்தார்கள். எறும்பும் வந்து சேர்ந்தது. ருக்மிணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாள் காலை ஜெயப்பிரியாவின் ஸ்கூட்டரில் ஏறிப் பார்லருக்குப் போனாள். திரும்பி வந்தபோது முடி கழுத்தோடு நின்றது.

வேதாந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன பண்ணிண்டு வந்திருக்கே? என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதா? இருபத்து மூணுதானே முடிஞ்சிருக்கு, இன்னும் ரெண்டு பாக்கி!"

"வெட்டின முடி பார்லர்லதான் இருக்கு. எடுத்துண்டு வந்து பண்ணுங்கோ."

அன்று மாலையே கடிதத்தை ருக்மிணி எழுதினாள். ஜெயப்பிரியா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். தன் மனைவி நீட்டிய மனுவை, செயலாளர் என்ற முறையில் வேதாந்தம் பெற்றுக்கொண்டு முத்திரை குத்த வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் மெஷின் வந்தது. ஆடி முடிவதற்குள் அந்தக் கட்டிடத்துப் பெண்கள் எல்லோர் முடியும் பளபளத்தது. வாட்ஸ்அப் குழுவில் வேதாந்தம் ஒரு வரைபடத்தோடு அறிவித்தார்: 'நமது வாழைப்பழ முறையின் பலன் தெரியத் தொடங்கிவிட்டது.'

ஜெயப்பிரியா கொதித்துப்போய் ஓடி வந்தாள். "மாமி, நாலு வார்த்த நல்லா கேட்டு போட்டுரவா?"

"வேண்டாம்டி. பதில் போட்டா அதுக்கும் விளக்கம் வரும்."

வரைபடம் எங்கெங்கோ சுற்றி, மாமல்லபுரத்தில் ஓய்வு பெற்றோர் சங்கம் ஒன்று அவரைப் பேச அழைத்தது. செய்து காட்ட ஒரு தலை வேண்டுமே? ருக்மிணி மாட்டேன் என்றாள். அக்கம்பக்கத்தில் யாரும் அகப்படவில்லை. கடைசியில் நல்ல அடர்த்தியாகக் குடுமி வைத்த தேங்காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

ருக்மிணியும் ஜெயப்பிரியாவும் கூடவே போய், சங்க வாசலில் அவரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குக் காரைத் திருப்பினார்கள். காற்று பலமாக அடித்தது. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் பத்தையைக் கடித்தபடி ருக்மிணி கால் நனைய நின்றாள். ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது.

"கூட்டம் முடிஞ்சாச்சு. எங்க இருக்கேள் ரெண்டு பேரும்? கார் எங்கே?"

"இங்கதான். நாங்க வர நாழியாகும். நீங்க பஸ்ல போயிடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் கைப்பையில் போட்டாள்.