கோயிலுக்குப் போன வாசிப்பு மூலை

ஸில்மியா டீச்சர் ஒரு புத்தகத்தைத் திறந்ததும் வாசிக்கமாட்டார். நடுப்பக்கத்தைப் பிரித்து, இடது கன்னத்தில் ஒட்டிவைத்து, கண்ணை மூடி, மூன்று எண்ணும் நேரம் அப்படியே நிற்பார். பிறகு வலது கன்னம். தாள் சில்லென்று ஒட்டினால் ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புத்தகம் ஜன்னலோர வெயிலுக்குப் போய்விடும். ஒட்டாவிட்டால் வாசிக்கலாம். பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த அவருடைய வாப்பா லத்தீப், மழை மாதங்களில் வந்து இறங்கும் துணிக்கட்டுகளை இப்படித்தான் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். தரம் மூன்றில் படிக்கும் இருபத்தொரு பிள்ளைகளும் இப்போது அதே பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். கணிதப் புத்தகத்தைக்கூடக் கன்னத்தில் வைத்துவிட்டுத்தான் திறக்கிறார்கள். புதிதாக வந்த அதிபர் முதல் நாள் அந்த வகுப்பைக் கடந்து போனபோது, இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலியா என்று கேட்டாராம்.

ஹல்துமுல்லைக்கு மேலே, பெரிய ரோட்டிலிருந்து இரண்டு மைல் ஏறிப் போகிற தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை அது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நியமனக் கடிதத்தோடு வந்தபோது, இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுப் பக்கம் மாறிவிடலாம் என்றுதான் ஸில்மியா நினைத்திருந்தார். அந்த விண்ணப்பப் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் வீட்டில் எங்கோ கிடக்கிறது. காலை ஆறு மணி பஸ், சந்தியில் இறங்கினால் ஏற்றம், ஏற்றத்தின் பாதியில் பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க, போய்க்கொண்டிருக்கும் பெண்கள், "டீச்சரம்மா, இன்னைக்கு மூச்சு வாங்குதே, வயசாயிருச்சா?" என்று ஒரு கேள்வி. முப்பத்தாறு வயதுதான் ஆகிறது. ஆனாலும், "ஆமாங்க, நீங்கதான் கூடையில தூக்கிட்டுப் போகணும்" என்பார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாடசாலைக் கேட் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் இடைவேளைக்கு முந்திய பாடம் 'எனக்குப் பிடித்த புத்தகம்'. வாசிப்பு மூலை என்று பெயர் பெற்ற ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துப்போய் வாரம் முழுக்க வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, பிடித்த பக்கத்தை வாசித்துக் காட்டி, "இதை இன்னாருக்குக் கொடுக்கிறேன்" என்று கொடுத்துவிட வேண்டும். ஜீவன் என்ற பையன், தனக்குப் பிடிக்காத புத்தகத்தையெல்லாம் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து சுபாஜினியின் தலையில் கட்டிவிடுவான். சுபாஜினியும் அதை ஒரு வரி விடாமல் வாசித்து, அடுத்த வெள்ளி அவனிடமே திருப்பிக் கொடுப்பாள்.

பெட்டியில் அறுபத்தொரு புத்தகங்கள். அவற்றோடு பிள்ளைகளே செய்த ஒன்றும் உண்டு. அதற்குக் 'காலப் புத்தகம்' என்று பெயர். பாடநூலில் பருவகாலங்களைப் படித்த அன்று, நம் தோட்டத்தில் எத்தனை காலம் என்று டீச்சர் கேட்டார். "ரெண்டு டீச்சர். கொழுந்து இருக்கிற காலம், கொழுந்து இல்லாத காலம்" என்றான் ஜீவன். வகுப்பு சிரித்தது, டீச்சர் அதையே முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். அதன் பிறகு காலம் மாற மாறப் பிள்ளைகள் வெளியே போனார்கள். ஜனவரிப் பனியில் ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதிப் பெயர் எழுதினார்கள். முள்முருக்கு பூத்தபோது சிவப்பு இதழ்களைப் பொறுக்கிக் காயவைத்து ஒட்டினார்கள். ஆடி மாதக் காற்றில் சோறு சுற்றும் லன்ச் ஷீட்டில் பட்டம் கட்டி, அது மரத்தில் மாட்டிக் கிழிந்ததையும் ஒட்டினார்கள். பேரிக்காய்க் காலத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பழச்சாற்றுக் கறை. மழை தொடங்கியதும், பாடசாலைக்கு வருவதற்குள் யார் காலில் எத்தனை அட்டை ஏறியது என்று ஒரு பட்டியல். லத்தீபின் கடையில் மிஞ்சிய பூப்போட்ட துணியால் அதற்கு மேலுறை.

எல்லாம் சரிதான், பெட்டி மட்டும் சரியில்லை. அடித்தகரம் துருப்பிடித்து, மழை மாதங்களில் புத்தகங்களுக்குப் பூஞ்சணம் பிடித்தது. சென்ற வருடம் மட்டும் ஒன்பது புத்தகங்கள் கன்னத்தில் வைக்க முடியாத நிலைக்குப் போய்விட்டன. அதனால், ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் கல்விக் கோட்டத்திலேயே நன்றாக இயங்கும் ஒரு வாசிப்பு மூலைக்குக் கண்ணாடி அலுமாரி கொடுக்கப் போகிறார்கள், பார்வையிட ஆசிரிய ஆலோசகர் ஸஹாப்தீன் சேர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று சுற்றறிக்கை வந்ததும் டீச்சருக்கு இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இன்னொரு மழைக்காலத்தை அந்தப் பெட்டி தாங்காது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "சனி ஞாயிறு ஆளுக்கு மூணு புத்தகம் கொண்டுபோங்க. நல்லா வாசிங்க. செவ்வாய்க்கிழமை சேர் கேப்பாரு. அழுக்குப் படாம, மழை படாம, வீட்டுலயே பத்திரமான இடத்துல வைங்க. சரியா?"

"சரிங்க டீச்சர்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். பெட்டி காலியானது. கடைசி இருவருக்கு இரண்டு இரண்டுதான் கிடைத்தது. காலப் புத்தகம் அந்த வாரம் சுபாஜினியின் முறை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் பையைத் திறந்தபோது உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும் இருந்தன.

"தமிழ்ப் புத்தகம் எங்க?" என்றார் டீச்சர்.

"சாமிகிட்ட டீச்சர்."

"கணிதம்?"

"அதுவும் சாமிகிட்டதான் டீச்சர்."

நவராத்திரி என்பது டீச்சருக்குத் தெரியாததல்ல. ஒன்பது வருடம் பாடசாலை வாணி விழாவுக்கு அவல் கடலை கலந்தவர். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைச் சாமிக்கு முன் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள் என்பதும், அந்த ஒரு நாளுக்குப் பாட்டும் விளையாட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் இந்த முறை, சரஸ்வதிக்குரிய மூன்று நாளும் புத்தகங்கள் அம்மன் காலடியில் இருக்கட்டும் என்று கோயிலில் முடிவெடுத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஒவ்வொரு லயத்து வரிசை வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் புத்தகங்களைத் தலையில் சுமந்து போய் வைத்துவிட்டார்கள். எடுப்பது புதன்கிழமை காலை.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "நம்ம பெட்டிப் புத்தகம்?"

சுபாஜினி எழுந்தாள். அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. "நீங்கதானே டீச்சர் பத்திரமான எடத்துல வைக்கச் சொன்னீங்க. எங்க லயத்துல கூரை ஒழுகுது. கோயில்ல ஒழுகாது. அம்மாதான் சொன்னாங்க, அதவிடப் பத்திரமான எடம் எது இருக்குன்னு. காலப் புத்தகத்தை எல்லாத்துக்கும் மேல வச்சிருக்காங்க. பூவெல்லாம் போட்டு."

"எல்லாரும் அப்பிடித்தான் டீச்சர் வச்சோம்" என்றான் ஜீவன். "ஒண்ணுகூட விடல."

பாடசாலை விட்டதும் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஏறினார். சுபாஜினி முன்னால் ஓடினாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முருகையா, தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஓய்வு நேரத்தில் பூசாரி. அவரும் சுபாஜினியின் அம்மா யோகராணியும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பாடநூல்கள், மறுபக்கம் கதைப் புத்தகங்கள், தனித்தனியாக அடுக்கியிருந்தது. உச்சியில் பூப்போட்ட துணி மேலுறை, அதன் மேல் நிஜப் பூ.

விஷயத்தைக் கேட்டதும் முருகையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என்ன டீச்சரம்மா இப்பிடி ஆயிருச்சு. ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருந்தா பெட்டிப் புத்தகத்த வாங்கியிருக்கவே மாட்டேனே."

"புத்தகம் இங்க இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தாங்க தெரியும்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒங்க புத்தகம் டீச்சர். நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துக் குடுத்துர்றேன். அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

யோகராணி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ, எடுங்க டீச்சர். நான்தான் தெரியாம வச்சுட்டேன், புள்ளைய ஒண்ணும் ஏசிறாதீங்க" என்றாள்.

டீச்சர் சுபாஜினியைப் பார்த்தார். அவள் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, புத்தக அடுக்கையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடையில் எடுத்தால் படிப்பு வராது என்று அந்தப் பிள்ளைக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்; எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பார்கள். நாளைக்கு சேருக்கு முன்னால் அந்தப் புத்தகங்களைத் திறக்கச் சொன்னால் இருபத்தொரு கைகளும் பயந்துகொண்டே திறக்கும். அலுமாரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடிக் கதவும், நான்கு தட்டும். 

"வேணாங்க. புதன்கிழமையே எடுத்துக் குடுங்க" என்றார்.

அன்று மாலை கணவர் வாஹித்துக்கு மனசு கேட்கவில்லை. "ஒங்கட பொத்தகந்தானே ஸில்மியா. அவரே தாறன் எண்டு சொன்னா எடுக்க ஏலாதா?"

"ஏலும்" என்றார் ஸில்மியா. பிறகு, "எடுத்தா அந்தப் புள்ளைகள் அதத் திரும்பத் தொடுமா எண்டுதான் தெரியல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸஹாப்தீன் சேர் வந்தார். ஓட்டோ பாதி ஏற்றத்தில் வழுக்கி நின்றுவிட்டதால் மீதியை நடந்து, காற்சட்டை முழங்கால்வரை நனைந்து வந்தார். வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். காலித் தகரப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், வாசிப்பு மாசம், பொத்தகத்தயே காணல்லயே?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஜீவன் எழுந்துவிட்டான். "எல்லாம் கோயில்ல இருக்கு சேர். நாளைக்குத்தான் வரும். ஆனா எங்களுக்கு வாசிக்கத் தெரியும் சேர்."

"பொத்தகம் இல்லாம எப்பிடி மகன் வாசிக்கிற?"

ஜீவன் இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தான். அந்தக் காலிக் கையை இடது கன்னத்தில் வைத்து, மூன்று எண்ணி, பிறகு முகத்துக்கு நேரே பிடித்து, யானை குடை வாங்கப்போன கதையை முதல் வரியிலிருந்து தொடங்கினான். பக்கம் முடிந்ததும் விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினான். "டேய், ரெண்டு பக்கத்தச் சேத்துத் திருப்பிட்ட" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கடைக்காரர் வாறது விட்டுப்போச்சு." ஜீவன் முறைத்துவிட்டு, ஒரு பக்கம் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை போலவே ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெறும் கையை வாசித்து, "இதை இவளுக்குக் கொடுக்கிறேன்" என்று வெறும் கையை நீட்டினார்கள். வாங்கியவர்கள் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்கள். சுபாஜினி காலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சேரின் பக்கத்திலேயே போய் நின்றாள். "இங்க பாருங்க சேர், இது பட்டம். கிழிஞ்சிருக்கு, கையப் போடாதீங்க. இது பேரிக்காச் சாறு. இது அட்டைப் பட்டியல். ஜீவனுக்கு ஏழு. எனக்கு ரெண்டு."

"ஏழு இல்ல, ஆறு!" என்றான் ஜீவன்.

"ஏழாவது சொக்ஸுக்குள்ள இருந்துச்சு."

சேர் தன் நனைந்த காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலில் ஒன்று இருந்தது. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. அட்டையைக் கழற்ற யாரோ ஓடிப்போய் சவர்க்காரத் துண்டு கொண்டுவந்தார்கள்.

போகும்போது அவர் டீச்சரிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "புள்ளைகள் நல்லாச் செஞ்சாங்க. ஆனா எத்தன பொத்தகம் இருக்கு எண்டு படிவத்தில கேக்குது. கண்ணால காணாதத நான் எழுத ஏலாது டீச்சர். வெளங்குதா?"

"வெளங்குது சேர்" என்றார் ஸில்மியா. அலுமாரி வேறொரு பாடசாலைக்குப் போய்விட்டது என்று அந்த நிமிடத்திலேயே மனதுக்குள் எழுதிவிட்டார். வருத்தம்தான். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது, எச்சில் தொட்டு வெறுங்காற்றைப் புரட்டிய அந்த விரல் நினைவுக்கு வந்து, பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்குமளவு சிரிப்பு வந்தது.

புதன்கிழமை புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் முதல் தாளிலும் ஒரு குங்குமப் பொட்டு. நடுப்பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருந்த பொரியைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். காலப் புத்தகத்தில் 'விஜயதசமி' என்று ஒரு புதுப் பக்கம் சேர்ந்தது.

ஜனவரி மாதப் பனியில் தோட்டத்து லொறி ஒன்று கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. வைக்கோலும் கார்ட்போர்டும் சுற்றி, கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி இறங்கியது. தவறுதலாக வந்துவிட்டதோ என்று டீச்சர் இரண்டு நாள் சுற்றிய அட்டையைக்கூடப் பிரிக்கவிடவில்லை. யாரும் திருப்பிக் கேட்டு வராததால் மூன்றாம் நாள் புத்தகங்களை அடுக்கினார்கள்.

மார்ச்சில் பதுளையில் ஒரு கருத்தரங்கு. தேநீர் நேரத்தில், கல்விப் பணிமனையில் வேலை செய்யும் உம்மு குல்தூம் அவரைத் தேடிவந்து, "அந்தக் கோயில் டீச்சர் நீங்கதானா?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஸஹாப்தீன் சேர் பாடசாலையிலிருந்து நேரே ரோட்டுக்கு இறங்கவில்லை. தேயிலைக்குள் குறுக்குப் பாதையால் ஏறி, கோயில் வாசலுக்கு வெளியே கொட்டும் மழையில் குடை பிடித்து நின்றிருக்கிறார். முருகையா உள்ளே நின்று, ஒன்றையும் தொடாமல், ஒவ்வொரு புத்தகமாக விரலால் காட்டிக்கொண்டே வர, அவர் எண்ணியிருக்கிறார். படிவத்தில், காலப் புத்தகத்தையும் சேர்த்து, அறுபத்திரண்டு என்று எழுதி, நூல்கள் வைக்கப்பட்டுள்ள இடம் என்ற கட்டத்தில் 'தோட்டத்து அம்மன் கோயில்' என்று நிரப்பிக் கையெழுத்திட்டிருந்தார்.